நாற்பத்திரண்டாவது தோளாளி

கீழப்பேட்டையில் நாங்கள் நாற்பத்தொரு லோடுமேன்கள். எங்களுக்குள் ஒருவரையொருவர் தோளாளி என்று கூப்பிட்டுக்கொள்வோம். அந்தச் சொல்லை வெளியாள் யாரும் சொல்லக் கூடாது, நாங்களும் வெளியாள் யாரையும் பார்த்துச் சொல்லக் கூடாது, பெண்டாட்டியிடம் செல்லமாகவும் கூடாது, குடித்துவிட்டு உளறும்போதும் கூடாது, மச்சினனைக் கிண்டல் செய்யவும் கூடாது. அர்த்தம் என்ன என்று யாராவது கேட்டால், தோள் இருக்கிறவன் தோளாளி என்போம். எனக்கும்தானே தோள் இருக்கிறது என்று அவர் சொன்னால், இருந்துவிட்டுப் போகட்டும் என்போம்.

சொல்லின் அர்த்தத்தைவிட அதன் உபயோகம்தான் பெரிது. ஒருவன் குனிந்து முதுகைக் கொடுத்ததும் கூப்பிடுகிறவன் அவன் பேரோடு சேர்த்து, "தோளாளி சேவுகா" என்று ஒரு குரல் விடுவான், அவன் "இருக்கேன்" என்று பதில் சொன்ன பிறகுதான் மூட்டையை முதுகில் இறக்குவார்கள். பதில் சொல்ல முடிகிறவனுக்கு நெஞ்சில் மூச்சு இருக்கிறது என்று பொருள், பதில் வராதவன் முதுகில் மூட்டையை வைத்தால் அது கொலை. பதினெட்டு வருஷமாக அங்கே கூப்பிடுகிறவன் நான்தான். பேர் சங்கிலி, தொண்டை பெரிது, அதனால் வந்த திமிரும் கொஞ்சம் பெரிது.

போன ஆடி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும், எண்பத்திரண்டு கிலோ உளுந்து மூட்டைக்குச் சேவுகனைக் கூப்பிட்டேன், அவன் இருக்கேன் என்றான், மூட்டை முதுகில் இறங்கியது, அவன் அப்படியே நின்று திரும்பிப் பார்த்து, "என்ன மாமா, சாக்குல பஞ்சா வச்சிருக்கீரு?" என்று கேட்டான். அதே நேரம் என் தோளில் இரண்டு கிலோ வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் நின்ற ஊமைத்துரை தோளிலும் உட்கார்ந்தது. பழனியின் சலூனில் முகம் மழித்துக்கொண்டிருந்த இருளாண்டி தோளிலும் உட்கார்ந்து, அவன் தலை சரிந்து, கத்தி காதோரம் ஒரு கோடு இழுத்தது. துபாயில் கிரேன் கம்பெனியில் இருக்கும் கருமலை, சங்கத்திலிருந்து இன்னும் பேரை நீக்காதவன், சாயங்காலம் போன் போட்டு, "அங்க இன்னைக்கு எத்தன லோடு ஏத்துனீங்க, எனக்குக் கழுத்து திரும்ப மாட்டேங்குது" என்று சண்டை பிடித்தான். எடை எங்கேயும் காணாமல் போகவில்லை, கூப்பிட்டதும் நாற்பத்தொரு பங்காகப் பிரிந்து நாற்பத்தொரு தோளுக்குப் போனது, அவ்வளவுதான்.

ஏன் என்று கேட்க ஒருத்தருக்கும் நேரமில்லை, லாரி நிற்கிறது. ஐப்பசிக்குள் ஊர் இதற்குப் பழகிவிட்டது. பழனி காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை லோடுமேன்களுக்குக் கத்தியைத் தொடுவதில்லை, கத்தரி மட்டும்தான். எங்கள் வீட்டுப் பெண்கள் புருஷன் தோள் இறங்கினால் கையில் இருக்கும் காப்பித் தம்ளரை லாவகமாக வாங்கிப் பிடித்து, ஏறியதும் திருப்பிக் கொடுக்கப் படித்துக்கொண்டார்கள். ஊமைத்துரை மகன் நிச்சயதார்த்தத்துக்கு வந்த பெண்வீட்டார், சம்பந்தி தாம்பூலத் தட்டைப் பிடித்தபடி மூன்று தரம் குனிந்து நிமிர்ந்ததைப் பார்த்து, மரியாதை தெரிந்த மனுஷர் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். ஒரே நேரத்தில் மூன்று மூட்டைக்கு மேல் கூடாது, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடக் கூடாது என்று எங்கள் தலைவர் சன்னாசி மாமா இரண்டு விதி போட்டார். பன்னிரண்டு வருஷமாகத் தலைவர் நாற்காலியிலேயே இருந்த அவர் தோளும் எங்களோடு சேர்ந்து இறங்கியதில், உள்ளதைச் சொன்னால், எல்லோருக்கும் ஒரு சந்தோஷம் இருந்தது.

காரியம் கெட்டது எடைக்காரர் தவசியால். அவர் கிராம் பார்க்கிற ஆள், பொட்டலத்தில் இரண்டு மல்லி விதை கூடினாலும் கையால் எடுத்துப் போடுவார். பேட்டைக்குப் புதிதாக வந்த எலக்ட்ரானிக் தராசை வைத்து, ஒரு புதன்கிழமை எங்களை ஒவ்வொருவராக அதன்மேல் ஏற்றி, மூட்டைக்குக் குரல் விடச் சொல்லி, எண் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார். எண்பத்திரண்டை நாற்பத்தொன்றால் வகுத்தால் சரியாக இரண்டு கிலோ வர வேண்டும். ஒரு கிலோ தொள்ளாயிரத்து ஐம்பதுதான் வந்தது. எனக்கும் அதுதான், இருளாண்டிக்கும் அதுதான், சன்னாசி மாமாவுக்கும் அதுதான்.

"ஆளுக்கு அம்பது கிராம் குறையுது" என்றார் தவசி. "நாப்பத்தோரு பேருக்கும் சேத்துப் பாத்தா ஒரு முழுப் பங்கு. நாப்பத்திரெண்டாவதா ஒரு தோள் எங்கயோ இருக்குய்யா."

சன்னாசி மாமா முகம் கறுத்துவிட்டது. அவர் அப்பா காலத்தில் ஒரு காண்ட்ராக்டர் வெளியாட்களை நைசாக உள்ளே விட்டு, அவர்கள் சொல்லைக் கற்றுக்கொண்டு, ஒரே தை மாதத்தில் பேட்டை வேலை முழுவதும் அவர்கள் கைக்குப் போய், எங்கள் தெருவில் இரண்டு வருஷம் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை; அந்தப் பசியில் அவருக்கு ஒரு தங்கச்சி செத்துப்போனாள். அதனால் அவர் அடுத்துச் சொன்னதில் நியாயம் இல்லை என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன்.

"எவனோ நம்ம சொல்லத் திருடிட்டான்" என்றார். "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நாப்பது பேரும் ஒண்ணா மூட்டை எடுக்கோம். கருமலைய மட்டும் அங்க படுத்துக்கிடச் சொல்லுங்க. தவசி, ஆளுக்கு எவ்வளவு வரும்?"

"எழுபத்தெட்டு கிலோ."

"நமக்கு அது தெனப்படி சுமை. அந்தத் திருட்டுப்பய எங்க இருந்தாலும் அங்கனயே விழுவான். விழுற எடத்துல போய் பிடிச்சுக்கிடலாம்."

அதற்கு முன்னால் வியாழக்கிழமை ஆளுக்கு ஒரு தெருவாகப் போய், மூட்டை ஏறுகிற நேரம் எந்தத் தோள் இறங்குகிறது என்று பார்த்து வரச் சொன்னார். எனக்குக் கிடைத்தது பள்ளிக்கூடத் தெரு. எனக்குப் பதிலாக இருளாண்டி கூப்பிட்டான், அவன் குரல் பள்ளிக்கூடம் வரை கேட்காது. ஆனால் தோளுக்குக் கேட்டது. என் தோள் இறங்கிய அதே நொடியில், சத்துணவுக் கூடத்தில் சாம்பார் வாளியோடு நின்ற வெயிலுகந்தாள் மதினியின் தோள் இறங்கியது. வாளி தளும்பவில்லை. மூன்று மாதப் பழக்கம் தெரிந்தது. பேட்டைக்குப் போய்ச் சொல்லாமல் சுவரோரம் ஒதுங்கினேன்.

காரணம், அந்த நாற்பத்திரண்டாவது தோளை உண்டாக்கியவன் நான். எங்களில் ஒருவன் செத்தால், பாடையைத் தெருமுனையில் இறக்கி வைத்து, கூப்பிடுகிறவன் அவன் பேரைச் சொல்லி மூன்று தரம் குரல் விடுவான். பதில் வராது. மூன்றாம் தரமும் பதில் வராவிட்டால் பேரைச் சங்கத்திலிருந்து எடுத்துவிட்டுப் பாடையைத் தூக்குவோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊர்காவலன் அண்ணன் செத்தபோது நான்தான் கூப்பிட்டேன். மூன்றாவது குரலுக்குப் பொம்பளைகள் கூட்டத்திலிருந்து அவர் பெண்டாட்டி, இந்த மதினி, "இருக்கேன்" என்றாள். சத்தமாக இல்லை, ஆனால் தெளிவாக. கூப்பிட்டு முடிந்து அந்த அமைதியைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டியவன் நான் ஒருவன்தான், எனக்குக் கேட்டது. பதில் வந்தால் பாடையை நிறுத்தித் தலைவரிடம் சொல்ல வேண்டும் என்பது முறை. துக்கத்தில் ஏதோ சொல்கிறாள், இதைப் போய் நாலு பேர் முன்னால் விசாரிப்பார்களா என்று நினைத்து, தூக்குங்கப்பா என்றேன்.

சமையல்கூடத்துக்குள் போய் நின்றேன். வெயிலுகந்தாள் மதினி என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீகளாக்கும்" என்றாள்.

"மதினி, மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்ல? உங்க அண்ணன் பங்கு என் தோளுக்கு வருதுன்னா, சிரிப்பீக. இல்லன்னா பிடுங்கிருவீக."

"நாளைக்குப் பத்து மணிக்கு எழுபத்தெட்டு கிலோ வரும். நீங்களே நாப்பத்தஞ்சு கிலோ தேற மாட்டீக. இப்பவே வந்து மாமாகிட்ட ஒத்துக்கிடுங்க, பேர எடுத்துருவோம்."

அதற்குள் பேட்டையில் இன்னொரு மூட்டை ஏறியது, நானும் அவளும் ஒன்றாகக் குனிந்து ஒன்றாக நிமிர்ந்தோம்.

"நூத்திப்பதினாலு" என்றாள். "காலையிலருந்து எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். அந்த மனுசன் போன பெறகு வீட்டுல ஒத்தையில கெடந்தவ கொழுந்தனாரே. பேச்சுக்கு ஆளில்ல. ஆடியில மொதல்ல இது வந்து தோள்ல ஒக்காந்தப்ப பயந்துதான் போனேன். பெறகு பாத்தா, நாப்பது பேரு என் பக்கத்துல நிக்காப்புல இருந்துச்சு. அத எடுக்கச் சொல்லி நானே வந்து கேக்கணுமா? முடியாது. நாளைக்கு வர்றது வரட்டும்."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, அதைவிட என்மேல் வந்தது. அன்று சாயங்காலமே சன்னாசி மாமா வீட்டுக்குப் போனேன். போய், வெள்ளிக்கிழமையைத் திங்கட்கிழமையாக மாற்றலாமா என்று கேட்டேன், மழை வரும்போல இருக்கிறது என்றேன், தராசு புதுசு, தப்பாகக்கூடக் காட்டும் என்றேன். பதிலைக் கேட்டும் மறைத்தேன் என்ற ஒரு வாக்கியம் மட்டும் வாய்க்கு வரவில்லை. பேட்டை முழுக்கக் கேட்கிற குரலை வைத்துக்கொண்டு, வர்றேன் மாமா என்று மட்டும் சொல்லிவிட்டு வாசல் இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை லாரிகளை வரிசையாக நிறுத்தி, பின்கதவுகளைத் திறந்து, மூட்டைகளை விளிம்பில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். நாற்பது பேரும் போய் முதுகைக் கொடுத்து நிற்க வேண்டியது, நான் ஒரே குரல் விட வேண்டியது. சன்னாசி மாமாவும் சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சு நரைமுடி தெரிய, முதல் மூட்டைக்கு அடியில் நின்றார். நான் வாயைத் திறந்து, குரலுக்குப் பதிலாக எல்லாவற்றையும் சொன்னேன். தெருமுனை, பாடை, மூன்றாவது குரல், சத்துணவுக் கூடம், எல்லாம்.

லாரிக்காரர்கள்கூட இன்ஜினை அணைத்துவிட்டார்கள். சேவுகன் தலையைக் குனிந்துகொண்டான், ஊர்காவலன் அவனுக்குச் சித்தப்பா முறை.

"ரெண்டு வருசமா மறைச்சிருக்க" என்றார் சன்னாசி மாமா.

"ஆமா மாமா. தப்புதான். என்ன வேணும்னாலும் செய்ங்க. மூட்டைய மட்டும் எடுக்காதீங்க."

"பதில் சொன்னவ தோளாளிதானே? நீதானே சொல்லுத. அப்பத் தோளாளி சுமை தாங்கட்டும். தாங்கலன்னா அவ தோளாளி இல்ல, கணக்கு நேராயிரும். இன்னைக்கு ஒரு பொம்பளைக்குன்னு விட்டா, நாளைக்கு எவனும் ஒரு எழவு வீட்டு மூலையில நின்னு இருக்கேம்பான். நான் ஒரு தடவ பட்டினி பாத்தவன்." திரும்பி, "நீ கூப்பிடாட்டாப் போ, நான் கூப்பிடுதேன்" என்றார்.

நின்றவர்களில் நாலு பேராவது விலகுவார்கள் என்று பார்த்தேன். எல்லோருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. ஒருவரும் விலகவில்லை. என் மூட்டை ஒன்று மட்டும் விளிம்பில் ஆள் இல்லாமல் நின்றது. மாமா குரல் விட்டார், முப்பத்தொன்பது பேர் இருக்கேன் என்றார்கள், மூட்டைகள் இறங்கின, வெறும் முதுகோடு நின்ற என்மேல் எழுபத்தாறு கிலோ வந்து விழுந்தது.

நான் ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்கு. எழுபத்தாறு கிலோவோடு ஒரு லோடுமேன் எப்படிப் போவானோ அப்படி, முழங்கால் மடக்கி, எட்டுவைத்துப் போனேன். போகிற வழியில்தான் எனக்கு அது தோன்றியது. எடை கூடவும் இல்லை குறையவும் இல்லை, தோள் கூடினால் பங்கு குறையும். சொல்லை வெளியாளுக்குச் சொல்லக் கூடாது. சொன்னேன்.

முதலில் கண்ணில் பட்டவர் மண்டி ராஜமணி அண்ணாச்சி. "தோளாளி ராஜமணி" என்று குரல் விட்டேன். அவருக்கு இது என்ன என்று நன்றாகத் தெரியும், மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். "தோளாளி செய்யது" என்று டீக்கடையைப் பார்த்துக் கூப்பிட்டேன். செய்யது பாய் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி, "எனக்கு ஏற்கெனவே இடுப்புவலி சங்கிலி" என்றார். இரண்டு குரலும் வீணாகப் போனதில் இந்த ஊருக்கா இத்தனை வருஷம் மூட்டை தூக்கினோம் என்று வாய்விட்டுத் திட்டினேன்.

"யாருக்குடா இது?" என்று கேட்டது ஒரு பெண்குரல். குடோன் வாசலில் சிந்திய உளுந்தைக் கூட்டிப் புடைக்கிற மாரிக்கனி.

"வெயிலுகந்தா மதினிக்கு. பள்ளிக்கூடத்துல. நசுங்கிருவா."

"பெறகு எதுக்கு ஆம்பளையளாப் பாத்துக் கூப்பிட்டுக்கிட்டு நிக்க? என்னக் கூப்பிடு."

"தோளாளி மாரிக்கனி."

"இருக்கேன்" என்றாள், சுளகு கையிலிருந்து விழுந்தது, அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள், உட்கார்ந்தபடியே மற்றவர்களைப் பார்த்து, "சொல்லுங்கடி, என்னால ஒத்தையில ஆகாது" என்றாள். புடைக்கிற பெண்கள் பதினோரு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், பதினோரு பேரும் இருக்கேன் என்றார்கள், ஒவ்வொரு இருக்கேனுக்கும் என் முதுகில் ஒரு கை அளவு இறங்கியது. அதைப் பார்த்துவிட்டுப் பழனி சலூனிலிருந்து, என்னையும் கூப்பிடு, ஒரு காதுக்குக் கடன் இருக்கிறது என்றான். அப்புறம் செய்யது பாய் தானாகவே அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து நின்றார். தையல்காரர், சைக்கிள்கடைக்காரர், பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிய டிரைவர், ஜன்னலில் பயணிகள், தெருக்குழாயில் குடத்தோடு நின்றவர்கள். பேர் தெரிந்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், தெரியாதவரைப் பேர் கேட்டுக் கூப்பிட்டேன். பிள்ளைகளை மட்டும் கூப்பிடவில்லை, அந்த அளவு புத்தி இருந்தது. ராஜமணி அண்ணாச்சி கதவை ஒரு விரற்கடை திறந்து, "சரி, கூப்பிட்டுத் தொலை" என்றபோது என்மேல் பதினைந்து கிலோகூட இல்லை. அதன் பிறகுதான் நிஜமாகவே ஓடினேன்.

வெயிலுகந்தாள் மதினி சமையல் மேடையின் விளிம்பை ஒரு கையால் பிடித்து மண்டியிட்டிருந்தாள். மறு கை தொங்கியது, காறை எலும்பு முறிந்திருந்தது. உலைப்பானை பக்கத்தில் போகாமல் தள்ளித்தான் இருந்திருக்கிறாள். என்னைப் பார்த்து, வலியில் பல்லைக் கடித்தபடி, "எழுபதும் தாங்குனேன் கொழுந்தனாரே" என்றாள். "பெறகுதான் என்னமோ ஆளு ஆளா வந்து கைகொடுத்தாப்புல இருந்துச்சு. யாரு அவுகல்லாம்?"

"ஊர்தான் மதினி" என்றேன், சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அன்று மாலை பேட்டை மைதானத்தில் சங்கம் கூடியது. சன்னாசி மாமா கத்தவில்லை. பதில் சொன்னவர்களை எடுக்க முடியாது, அவரவர் சாவு வரைக்கும் அவர்கள் தோளாளிதான், அது முறை என்றார். வெயிலுகந்தாவும் அப்படித்தான், தாங்கிவிட்டாள் என்றார். ஆனால் பதிலை மறைத்தவனும் சொல்லை வெளியே இறைத்தவனும் தோளாளி இல்லை, அதுவும் முறை என்றார். எனக்கு மறுப்பு இல்லை. உயிரோடு இருக்கிறவன் பேரை எடுப்பது, சங்கத்தார் எல்லோரும் அவனுக்கு முதுகைக் காட்டி நிற்க, தலைவர் சொல்லைச் சேர்க்காமல் பேரை மட்டும் ஒரு தரம் சொல்வது. எங்கள் ஆயுசில் யாரும் பார்த்ததில்லை, கேள்விப்பட்டிருந்தோம்.

போனில் சொன்னதும் துபாயில் திரும்பிய கருமலையையும் சேர்த்து நாற்பது பேர் திரும்பினார்கள். மாரிக்கனி திரும்ப மாட்டேன் என்று கொஞ்ச நேரம் வாதாடி, பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். செய்யது பாய், பழனி, டிரைவர், ஊரில் பாதிப் பேர், எல்லோரும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கடைசியில் மாவுக்கட்டோடு நின்ற வெயிலுகந்தாள் மதினி மட்டும் என்னைப் பார்த்தபடி நின்றாள். அவள் திரும்பாவிட்டால் என் பேரை எடுக்க முடியாது, எடுக்காவிட்டால் முறை இல்லை, முறை இல்லாவிட்டால் அவளும் தோளாளி இல்லை. அது அவளுக்கும் தெரிந்திருந்தது. திரும்புங்க மதினி என்றேன். அவள் வாய் கோணியது. திரும்பினாள்.

"சங்கிலி" என்றார் சன்னாசி மாமா.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பஸ் ஏறுவதற்காகக் கடைத்தெரு வழியாக நடந்தேன், பக்கத்து ஊர் மில்லில் ஆள் கேட்டிருந்தார்கள். இருளாண்டியின் குரல் பேட்டையிலிருந்து மெலிதாகக் கேட்டது. தெருவில் பால் வாங்குகிறவர்கள், கோலத்துக்கு நீர் தெளிக்கிறவர்கள், டீ ஆற்றுகிற செய்யது பாய், முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்த ராஜமணி அண்ணாச்சி, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த டிரைவர், எல்லோரும் மூட்டை ஏறியதும் ஒரு சிட்டிகை அளவு குனிந்து, அது இறங்கியதும் நிமிர்ந்தார்கள், பேச்சைக்கூட நிறுத்தவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் நான் ஒருவன் மட்டும் குனியாமல் நின்றேன், எனக்கு வெட்கமாக இருந்தது.